கோழி, காடைத் தீவனக் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

பறவை சோர்ந்து நின்றால் நம் கை முதலில் டானிக் பாட்டிலுக்குத்தான் போகிறது. மூன்று நாள் டானிக், அப்புறம் கால்சியம், அப்புறம் யாரோ சொன்ன ஆன்டிபயாட்டிக். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எதனால் வந்தது, எதனால் போனது என்று எதுவுமே தெரியாது. நான் காடையும் நாட்டுக்கோழியும் வளர்க்கிறேன், தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். என் கொட்டகையில் வந்த கோளாறுகளை நோட்டில் எழுதி வைத்து, பின்னாளில் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலானவை புது மூட்டை பிரித்த நாளிலிருந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தொடங்கியிருந்தன. அதனால் அறிகுறி எதுவானாலும் முதல் கேள்வி இதுதான்: மூட்டை எப்போது மாறியது?

கம்பெனித் தீவனம் வாங்குபவர்கள் மூட்டை வாயில் வைத்துத் தைத்திருக்கும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கும். பிரித்த தேதியைப் பேனாவால் அதிலேயே எழுதி ஒரு ஆணியில் குத்தி வையுங்கள். சொந்தமாகக் கலப்பவர்கள் மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், ப்ரீமிக்ஸ் (வைட்டமின், தாதுக்கலவைத் தூள்) ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பறவையைத் தொடுவதற்கு முன் தீவனத்துக்கு மூன்று சோதனை. ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால் கொழுப்பு கெட்டிருக்கிறது, மண்வாடை வந்தால் பூஞ்சை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். மணலும் கல்தூளும் அடியில் தனிப் படலமாக உட்காரும், உமி மேலே மிதக்கும். தவிடு வாங்கும்போது இந்தச் சோதனையை நான் விடுவதே இல்லை. மூன்றாவது, ஒரு ஸ்பூன் தீவனத்தில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். முட்டைக்கோழித் தீவனம் என்றால் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் நன்றாக நுரைக்கும். குஞ்சுத் தீவனம் லேசாகத்தான் நுரைக்க வேண்டும். குஞ்சுத் தீவனம் பொங்கி நுரைத்தால் மூட்டை மாறியிருக்கலாம், அல்லது கலவையில் கல்தூள் கூடியிருக்கலாம்.

இனி அறிகுறிகள்.

குஞ்சுகள் எடை ஏறவில்லை. ஒரே நாளில் பொரித்தவை பெரிதும் சிறிதுமாக நிற்கின்றன

காடையில் அதிகம் வரும் புகார் இது. பொரித்த காடைக்குஞ்சு 7, 8 கிராம்தான் இருக்கும். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும் பறவை என்பதால் அதன் வளர்ச்சி வேகத்துக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் போதாது. வளரும் ஜப்பானியக் காடைக்குப் புரதம் 24 சதவீதம் தேவை. முட்டைக்கோழி இனக் குஞ்சுக்கான தீவனத்தில் 18 முதல் 20 தான் இருக்கும். அதைப் போட்டு வளர்த்தால் சாகாது, ஆனால் தேங்கிவிடும். காடைத் தீவனம் கிடைக்காத ஊரில் பிராய்லர் ப்ரீ-ஸ்டார்ட்டர், அதாவது கறிக்கோழிக் குஞ்சுக்கான முதல் தீவனம், ஓரளவு நெருங்கி வரும்.

புரதம் சரியாக இருந்தும் தேங்குகிறதா? தட்டில் மிஞ்சுவதைப் பாருங்கள். சாயங்காலம் தட்டை வெள்ளைத் துணியில் கவிழ்த்தேன். ஒரு சமயம் பெரிய மக்காச்சோளத் துண்டுகள் அப்படியே கிடந்தன, இன்னொரு சமயம் மாவு மட்டும் அடியில் கட்டியிருந்தது. துண்டு மிஞ்சினால் அரைவை பெருவெட்டு, சின்ன அலகுக்கு எடுக்க முடியவில்லை. மாவு மிஞ்சினால் பறவை பொறுக்கித் தின்கிறது. வைட்டமின், தாது, மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் எல்லாம் அந்த மாவில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். மூட்டையில் எழுதியிருக்கும் சத்து அதன் வயிற்றுக்குள் போகவில்லை. முதல் பத்து நாளுக்கு ரவை பதத்தில் அரையுங்கள். அப்புறம் ஒரு வேளையாவது தட்டு காலியாகும் வரை புதிதாகக் கொட்டாதீர்கள்.

விலை குறைவென்று பச்சை சோயாவை வாங்கி அரைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் பச்சை சோயாவில் இருக்கிறது. சூடாக்கினால்தான் சோயா வளர்ச்சிக்கு உதவும் என்பதை அமெரிக்காவில் ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-லேயே எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். நன்றாக வறுத்துப் போடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கையே வாங்குங்கள்.

தோல்முட்டை, ஓடு மெலிந்த முட்டை

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கோழிமுட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. தின்னும் கால்சியத்தில் பாதிதான் உடலில் சேரும். தினமும் முட்டையிடும் கோழி 110 கிராம் தீவனம் தின்கிறது என்றால், அதில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருந்தால்தான் கணக்கு நேராகும். முட்டைக் காடைக்கு 2.5 சதவீதம் வேண்டும். குருணையும் தவிடும் மட்டும் தின்னும் கோழிக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. மீதியைத் தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் அது ஓடு கட்டுகிறது. கொஞ்ச நாளில் கால் வலுவிழந்து கூண்டிலேயே உட்கார்ந்துவிடும்.

அளவு சரியாக இருந்தும் ஓடு மெலிகிறது என்றால் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, துகள் அளவு. முட்டை ஓட்டின் பெரும்பகுதி கோழிக்குள் இரவில் கட்டப்படுகிறது. தட்டில் தீனி இல்லாத நேரம் அது. மாவாக அரைத்த கல்தூள் சாயங்காலமே குடலைக் கடந்துவிடும். உளுந்து அளவுக்கு உடைத்த கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுக்கும். நாலு, நாலரை மணிக்கு ஒரு தனித் தட்டில் கிளிஞ்சல் வைத்துப் பாருங்கள். முட்டையிடும் பெட்டைகள் நேராக அதற்கு வரும். கொத்தும்போது தட்டு டொக் டொக் என்று சத்தம் போடும். சேவல் இரண்டு கொத்தோடு நகர்ந்துவிடும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று பறவைக்குத் தெரிகிறது, நாம் தட்டை வைத்தால் போதும். காடை பெரும்பாலும் பிற்பகலில் முட்டையிடுவதால் அதன் ஓடு கட்டும் நேரம் கோழியிலிருந்து வேறுபடும். காடைக் கூண்டில் கிளிஞ்சல் பொடி எப்போதும் இருக்கட்டும்.

இரண்டு, வெயில். ஏப்ரல், மே மாதத்தில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது கரியமிலவாயு உடம்பிலிருந்து அதிகம் போய்விடுகிறது. ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் இரத்தத்தில் குறைகிறது. அதோடு தீனியும் குறைந்துவிடும். இந்தச் சமயம் கால்சியம் மருந்தை ஊற்றிப் பயனில்லை. விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் தீனி, பகல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், கூரைமேல் தென்னங்கீற்று. இதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

மூன்று, வைட்டமின் டி3. கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக இது இல்லாமல் முடியாது. மூடிய கொட்டகைப் பறவைக்கு ப்ரீமிக்ஸ்தான் வழி. ப்ரீமிக்ஸ் காலாவதியானதா, வெயில்படும் அலமாரியில் கிடந்ததா என்று பாருங்கள்.

திடீரென்று ஒரே வாரத்தில் முட்டை பாதியாகி, தோல்முட்டையும் கோணல் முட்டையும் வந்து, பச்சை எச்சமும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் தீவனத்தைச் சந்தேகிக்க வேண்டாம். வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவர்.

கழுத்து பின்பக்கம் வளைந்து வானத்தைப் பார்க்கிறது

பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருநாள் கூடையோடு வந்தார். "குஞ்சுக்கெல்லாம் கழுத்து திருகிக்கிச்சுங்க. வெள்ளக்கழிச்சல்தானுங்களே?" கூடைக்குள் ஐந்து குஞ்சுகள். முழங்காலில் உட்கார்ந்து, தலையை முதுகோடு சேர்த்து அண்ணாந்து கிடந்தன. ஆனால் எச்சத்தில் பச்சை இல்லை, மூச்சு சீராக இருந்தது, கண் தெளிவு. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மாதமாக ரேஷன் அரிசிக் குருணைச் சோறு மட்டும்தான் என்றார்.

இதே காட்சியை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பார்த்தார். ஆய்வகக் கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு போட்டுவந்த காலத்தில் அவை கால் தள்ளாடி விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்ததும் தீட்டாத அரிசிக்கு மாறினார்கள், கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு போனது தயமின், அதாவது வைட்டமின் பி1. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1929-ல் எய்க்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தயமின் குறைவால் மனிதனுக்கு வரும் பெரிபெரி நோயின் காரணத்துக்குக் கோழித் தீவன ஆய்வே வழி காட்டிய இடம் இது. அதனால்தான் எனக்கு இந்த அறிகுறிமேல் தனி அக்கறை.

தயமின் குறைவு என்றால் மருந்து கொடுத்த சில மணி நேரத்திலிருந்தே மாற்றம் தெரியத் தொடங்கும். அக்காவின் குஞ்சுகளுக்கு மருத்துவர் சொன்ன பி1 சொட்டு கொடுத்தோம், மறுநாள் மூன்று எழுந்து நின்றன. மற்ற இரண்டும் பிழைக்கவில்லை, தாமதமாகிவிட்டது.

குருணை போடாதவர்கள் இன்னும் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுத்தீர்களா? அது தயமினைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அளவோ நாளோ கூடினால் பறவைக்கும் தட்டுப்பாடு வரும். பச்சை மீன் கழிவு போட்டீர்களா? சில மீன்களில் தயமினை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் போய்விடும்.

குஞ்சு தலையை ஆட்டி, தடுமாறி, பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைக்கிறது, தீவனத்தில் சிக்கு வாடையும் அடிக்கிறது என்றால் வைட்டமின் ஈ தட்டுப்பாடு. கெட்ட கொழுப்பு அந்த வைட்டமினை மூட்டைக்குள்ளேயே அழித்துவிடும். எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடு அரைத்த சில நாளிலேயே சிக்குப் பிடிக்கத் தொடங்கும். தவிட்டை மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள்.

கால் கோளாறு

எல்லாக் கால் கோளாறுக்கும் கால்சியம் ஊற்றுவது பெரிய தப்பு. காலைத் தூக்கிப் பாருங்கள். விரல்கள் உள்பக்கமாக முஷ்டி போல் மடங்கி, குஞ்சு முழங்காலில் நடந்தால் ரிபோஃப்ளேவின், பி2 குறைவு. பொரித்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வரும். சீக்கிரம் கொடுத்தால் விரல் விரியும், நாள்பட்டால் நரம்பு கெட்டு அப்படியே நின்றுவிடும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீட்டிக் கிடந்தால் அது மேரக்ஸ் என்ற வைரஸ் நோயின் அடையாளம், வைட்டமினால் சரியாகாது.

மூட்டு வீங்கி, பின்பக்கத் தசைநாண் பக்கவாட்டில் நழுவி, கால் ஒருபக்கமாகத் திரும்பிவிட்டால் மாங்கனீசு என்ற தாது அல்லது கோலின் என்ற வைட்டமின் வகைச் சத்தின் தட்டுப்பாடு. இதில் மாங்கனீசின் பங்கை 1930களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். கால்சியமும் பாஸ்பரசும் கூடிப்போனால் மாங்கனீசு உடலில் சேராது. கால் கோணுகிறதே என்று கால்சியத்தை ஊற்ற ஊற்ற இது முற்றும். நழுவிய கால் திரும்பாது. மீதிக் குஞ்சுகளுக்குத் தாதுக்கலவையைச் சரிசெய்யலாம்.

அலகை இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். ரப்பர் போல வளைந்தால் எலும்பு மெலிவு. டி3, கால்சியம், பாஸ்பரஸ் மூன்றில் ஒன்று குறைவு. தவிட்டிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரசில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கும், கோழியால் எடுக்க முடியாது. அதனால்தான் டைகால்சியம் பாஸ்பேட்டோ பைட்டேஸ் நொதியோ சேர்க்கிறார்கள். காலை வெயிலில் குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் விட்டால் டி3 தோலிலேயே உருவாகும். கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது.

எச்சம் நீராகப் போகிறது, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் செலவாகிறது

உப்பு. முதலில் உப்பைப் பாருங்கள். தீவனத்தில் மொத்த உப்பு 0.3 முதல் 0.4 சதவீதம் போதும். ஒருமுறை மலிவாக வருகிறதென்று புது வியாபாரியிடம் கருவாட்டுத் தூள் வாங்கினேன். உப்பில்லாக் கருவாடு என்றுதான் சொன்னார். நாலாம் நாள் காடைக் கூண்டின் எச்சத்தட்டு நனைந்து நாறியது, காலையில் நிரப்பிய நிப்பிள் டேங்க் மதியமே காலி. குஞ்சுகள் வயிறு உப்பிச் செத்தன, மொத்தம் பதினாறு. விரலில் தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கருவாட்டில் உப்பு 15 சதவீதம் இருந்து, அதைக் கலவையில் 10 சதவீதம் சேர்த்தால், கருவாட்டிலிருந்தே 1.5 சதவீதம் உப்பு வந்துவிடும். அதற்குமேல் நான் வழக்கப்படி தனியாக உப்பும் போட்டிருந்தேன்.

செய்ய வேண்டியது: அந்தத் தீவனத்தை உடனே நிறுத்தி, கருவாடில்லாத கலவை கொடுங்கள். தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். எச்சம் நீராகப் போகிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் உப்பு நஞ்சாகி மொத்தமும் போய்விடும்.

உப்பு சரியென்றால் புரதம் மிகையா, வெல்லப்பாகு சேர்த்தீர்களா என்று பாருங்கள். எச்சத்தில் இரத்தமோ காப்பித்தூள் நிறமோ தெரிந்தால் தீவன ஆராய்ச்சி வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

இறகு பிடுங்குகின்றன, ஒன்றையொன்று கொத்துகின்றன

இறகு முழுக்கப் புரதம், அதிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் அதிகம். மக்காச்சோளம், சோயா கலவையில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின். புரதம் 20 சதவீதம் என்று சீட்டில் இருந்தாலும் மெத்தியோனின் குறைந்தால் இறகு தின்னத் தொடங்கும். உப்பு ரொம்பக் குறைந்தாலும் கொத்தும். என்னைப்போல் ஒருமுறை சூடுபட்டுவிட்டு உப்பையே நிறுத்துபவர்கள் இதைக் கவனியுங்கள். தீவனம் சரியாக இருந்தால் வெளிச்சமும் நெருக்கமும்தான் காரணம். காயம்பட்ட பறவையை அன்றே பிரித்துவிடுங்கள்.

முட்டை நின்றுவிட்டது, பறவை கனமாக இருக்கிறது

வீட்டுச் சோறு மிஞ்சுவதையெல்லாம் தின்னும் நாட்டுக்கோழியில் வரும். அடிவயிற்றைத் தொட்டால் மெத்தென்று கொழுப்பு. மாவுச்சத்து கூடி, புரதம் குறைவு. சோற்றைக் குறைத்து, மேயவிட்டு, புண்ணாக்கும் கீரையும் கூட்டுங்கள். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைந்தாலும், இறகு உதிரும் பருவத்திலும் முட்டை குறையும். அது தீவனக் குறை ஆகாது.

மஞ்சள்கரு வெளிறியிருக்கிறது, நிறம் மாறுகிறது, வாடை அடிக்கிறது

மஞ்சள் நிறமியைக் கோழியால் உண்டாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் வரும். குருணை, கம்பு, வெள்ளைச் சோளம் கூடினால் வெளிறும். மஞ்சள் மக்காச்சோளமும் முருங்கை, அகத்திக் கீரையும் போதும். சவுண்டல் இலைத்தூள் நல்ல நிறம் தரும், ஆனால் அதில் உள்ள மிமோசின் நஞ்சு என்பதால் 5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். மஞ்சள்கரு பாசி நிறமாக, புள்ளி புள்ளியாக மாறினால் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. மீன் வாடைக்குக் கருவாட்டுத் தூளும், பழுப்பு முட்டையிடும் சில கோழிகளில் கடுகுப் புண்ணாக்கும் காரணம்.

இறந்த பறவையை அறுத்தால் உறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை

சிறுநீரகம் கெட்டு, வெளியேற வேண்டிய யூரிக் அமில உப்பு (யூரேட்) படிந்திருக்கிறது. வளரும் பறவைக்கு முட்டைக்கோழித் தீவனம் போட்டீர்களா? ஒரு சதவீதம் கால்சியம் போதுமான வயதில் மூன்றரை சதவீதம் உள்ளே போனால் இதுதான் நடக்கும். மேலே சொன்ன வினிகர் சோதனை இதற்காகத்தான். தண்ணீர்த் தட்டுப்பாடும் சில வைரஸ் நோய்களும் இதே தோற்றத்தைத் தரும்.

தீனி எடுப்பது குறைகிறது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

தனித்த அறிகுறி எதுவும் இல்லாமல் எடை, முட்டை, பொரிப்புத்திறன் எல்லாம் இறங்கிக்கொண்டே போவது பூஞ்சை நஞ்சின் வழக்கம். தடுப்பூசி போட்டும் நோய் வரும். அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறி மஞ்சளாக இருக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக்குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுதான் என்று பிறகு தெரிந்தது. அந்த நஞ்சுக்கு வைத்த பெயர்தான் அஃப்ளாடாக்சின். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தோடு அறுத்த மக்காச்சோளமும் நாள்பட்ட கடலைப் புண்ணாக்கும்தான் வழி.

கட்டியாகிப்போன தீவனத்தை உடைத்து வெயிலில் காயவைத்துப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடாதீர்கள். பூஞ்சை காய்ந்து உதிரும், அது விட்டுப்போன நஞ்சு முழுதும் போகாது. வேகவைத்தாலும் போகாது. வாத்துக்குக் கொட்டிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், கோழியைவிட வாத்துக்குஞ்சுதான் இதற்குச் சீக்கிரம் சாகும். புது மக்காச்சோளத்தைப் பல்லில் கடித்துப் பாருங்கள், டக்கென்று உடைய வேண்டும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. புரதம், உப்பு, மணல், பூஞ்சை நஞ்சு எல்லாம் பார்ப்பார்கள். மாதிரி எடுப்பதில்தான் நாம் தவறுகிறோம். பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒரு மூலையில் குவிந்திருக்கும். மேலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்பினால் நஞ்சே இல்லை என்று முடிவு வரலாம். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்து, எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வையுங்கள். அரைக் கிலோ வரும் வரை அப்படியே பிரியுங்கள். ஈரமாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், போய்ச் சேருவதற்குள் பூஞ்சை இன்னும் ஏறிவிடும். காகிதப் பையில் போட்டு, மூட்டைச் சீட்டின் நகலும் பறவையின் வயதும் அறிகுறி தொடங்கிய தேதியும் எழுதி அனுப்புங்கள். அதே மாதிரியில் இன்னொரு அரைக் கிலோவை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு இன்னொரு சோதனை தேவை என்றால் அதே தீவனம் கையில் இருக்கும்.